வழக்கமாக வாங்கும் மாத்திரை மாறி வந்தபோது: பெங்களூருவிலிருந்து சில அனுபவங்கள்

அல்சூர்வாசி:
என் அம்மாவுக்கு மஞ்சள் சாயம் ஒத்துக்கொள்ளாது. டார்ட்ரசின் என்னும் அந்தச் சாயம் கலந்த எதைச் சாப்பிட்டாலும் உடம்பு முழுவதும் தடித்து, மூச்சும் இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் இரத்த அழுத்தத்துக்கு வெள்ளை மாத்திரையையே ஆறு வருடங்களாக ஒரே கடையில் வாங்கி வந்தோம். தீபாவளிக்கு முந்தின வாரம், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் கடைக்காரர் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "ஒந்தே மேடம், கம்பெனி மாத்ர பேரே" (ஒன்றுதான் மேடம், கம்பெனி மட்டும் வேறு) என்று அவர் கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை.

இரவு அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, டியூப்லைட்டுக்கு நேராக நீட்டி, "இது ஏன்டி இளமஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்கும் தருவாயில் இருந்ததால் நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கம்பெனி மாறியிருக்கும், போட்டுக்கோம்மா" என்றேன். நான் சொன்னதை நம்பித்தான் அவள் அதை விழுங்கினாள்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசியும் நெபுலைசரும் கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. மறுநாள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். கத்தரியால் குறுக்கே வெட்டிக் கொடுத்த ஐந்து மாத்திரைகள், "எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்." (நிரப்புபொருட்கள், தேவையான அளவு) என்பதோடு அச்சு அறுந்து நின்றது. கடைக்குப் போய் மீதிப் பாதியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் கல்லாவின் மேல் சேர்த்து வைத்தபோது, அடுத்த வரியில் "கலர்: டார்ட்ரசின்" என்று இருந்தது. வெட்டாத அட்டையாக இருந்திருந்தால் நானே படித்திருப்பேனா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னால் நேர்மையாக "ஆம்" என்று சொல்ல முடியவில்லை.

ஜெயநகர் நான்காம் பிளாக்:
உங்கள் அம்மா நலமாகிவிட்டதில் நிம்மதி, சகோதரி. எங்கள் வீட்டில் வேறு விதமாக நடந்தது. ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை துளியும் ஆகாது. தைராய்டு குறைவும் சேர்ந்திருப்பதால் தினமும் தைராக்சின் கொடுக்கிறோம். கைப்பேசிச் செயலி வழியாக மாதாமாதம் வரவழைத்தோம். அந்த மாதமும் அதே பிராண்டு, அதே நிறப் பெட்டி, அதே அளவுதான் வந்தது. மாமனார் பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஏதோ ஒரு பழக்கத்தில் பெட்டியின் ஓரத்தைப் படித்தேன். விற்கும் கம்பெனி மாறவில்லை. தயாரித்த தொழிற்சாலை மட்டும் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தது. உள்ளே சேர்க்கும் ஸ்டார்ச் மக்காச்சோளமா கோதுமையா என்பது அட்டையில் எங்கும் இல்லை.

பெட்டியில் அச்சிட்டிருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வர நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாளும் மாத்திரை கொடுக்கவில்லை. இரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், எனவே பதற வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது பெரிய ஆறுதல். "கோதுமை ஸ்டார்ச் இல்லை என்று உறுதியளிக்க இயலாது" என்று பதில் வந்ததால் பிராண்டையே மாற்றினோம். மாற்றிய ஆறாவது வாரத்தில் தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையும் செய்தோம். நிறத்தைப் பார்த்தால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ராஜாஜிநகர் வாசகர்:
மேலே எழுதிய இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆயினும் இதைப் படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது. என் மனைவிக்குப் பால் செரிக்காது. கம்பெனி மாறிய சர்க்கரை நோய் மாத்திரையில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருப்பதைப் பார்த்து, வயிற்று உப்புசத்துக்கு அதுவே காரணம் என்று இரண்டு மாதம் மருந்தையே நிறுத்தி வைத்திருந்தாள். சர்க்கரை ஏறியதுதான் மிச்சம். ஒரு தம்ளர் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரு மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில்தான். அந்த அளவைப் பால் செரிக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள் என்று மருத்துவர் விளக்கிய பிறகே அவள் மீண்டும் தொடங்கினாள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சந்தேகம் வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைப்பதை, கம்பெனி பெயர் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஓய்வூதியத்தில் மாதம் முழுவதும் மருந்து வாங்கும் குடும்பத்துக்கு அந்த விலை வித்தியாசம் சிறியதல்ல. உள்ளே வேலை செய்யும் மருந்து ஒன்றாக இருக்கும்போது, மாவும் சாயமும் மாறுவதைப் பெரும்பாலானவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பிரேசர் டவுன்:
ராஜாஜிநகர் ஐயா சொன்னது பால் செரிக்காதவர்களுக்குச் சரி. பால் ஒவ்வாமை முற்றிலும் வேறு. அங்கே சிக்கல் பால் சர்க்கரையில் இல்லை, பால் புரதத்தில் இருக்கிறது. அதன் மிகச் சிறிய எச்சமே சிலருக்குப் போதும். பால் ஒவ்வாமை உள்ள என் தம்பி மகனுக்கு ஆஸ்துமாவுக்காக ஸ்பிரே எழுதியிருந்தார்கள். கடையில் ஸ்பிரே இல்லாததால், "மருந்து அதேதான்" என்று சொல்லி, கருவியில் போட்டு உறிஞ்சும் பொடிக் கேப்சூலைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பொடியில் மருந்தைத் தாங்கி நிற்பது லாக்டோஸ். அதில் பால் புரதத்தின் எச்சம் இருக்க வாய்ப்புண்டு. பையன் கருவியை வாயருகே கொண்டுபோன நேரத்தில், தம்பி மனைவி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவன் கையைத் தட்டிவிட்டாள். பொடி அவன் சட்டையெல்லாம் கொட்டியது. ஏன் அடித்தாய் என்று அவன் அழுதான், அவளும் அழுதாள்.

"மாவும் சாயமும்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, ஐயா. 1968-69இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வலிப்புக்கான ஃபெனிடாயின் கேப்சூலில் நிரப்புபொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை மாற்றி லாக்டோஸ் வைத்தார்கள். நோயாளிகள் எடுத்துக்கொண்ட அளவு மாறவில்லை. ஆனால் இரத்தத்தில் மருந்து ஏறிப்போய், பலர் நடை தள்ளாடி, நச்சு அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மல்லேஸ்வரம், ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
முப்பது வருடம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். "ஒந்தே" என்ற சொல்லை நானும் எண்ணற்ற முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை ஒரு பெரியவர் மறுநாளே திரும்பி வந்து, முழங்கை வரை சட்டையை மடித்துத் தடிப்புகளைக் காட்டினார். ஒன்றும் சொல்லாமல் அட்டையை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் கேட்காமல் மாற்றியதில்லை.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: அட்டவணை எச் மருந்து (மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியது) எழுதிய சீட்டுக்கு, அதே பொருள் அடங்கியதாயினும் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் மாற்றாகக் கொடுக்கக் கூடாது. ஆனால் மருத்துவர் பிராண்டு எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதினால், எந்தக் கம்பெனி என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கிறார். ஒவ்வாமை உள்ளவர்கள் சிக்குவது இங்கேதான். எனவே ஒவ்வாத பொருளின் பெயரைச் சீட்டிலேயே மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது மாலை வேளைக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள். பழைய காலி அட்டையைக் குப்பையில் போடாமல் எடுத்துச் சென்று, பணம் கொடுப்பதற்கு முன்பே புதியதோடு பக்கத்தில் வைத்து, பெயரை மட்டுமல்லாமல் "தயாரிப்பு" என்ற வரியையும் "கலர்" என்ற வரியையும் ஒப்பிடுங்கள். வெட்டிய அட்டையைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் தயங்கும்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்குக் கியூ.ஆர். குறியீடு கட்டாயம் ஆனது. தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவற்றைச் சரிபார்க்க அது உதவும். அந்த விதி கேட்ட விவரங்களில் நிரப்புபொருட்கள் சேரவில்லை. அதற்கு ஜெயநகர் அம்மா செய்ததுபோல் கம்பெனிக்கு எழுதிக் கேட்பதே வழி. எழுதும்போது பேட்ச் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

அல்சூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா சொன்னபடி அம்மாவின் சீட்டில் "டார்ட்ரசின் கூடாது" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட்டேன். நேற்று கடைக்காரர் முழு அட்டையை எடுத்து, "கலர்" வரியைத் தாமே விரலால் தொட்டுக் காட்டிக் கொடுத்தார். அம்மா இப்போதும் மாத்திரையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்த பிறகே போட்டுக்கொள்கிறாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தை மாதம் அவளுக்குக் கண்புரை அறுவை இருக்கிறது. உள்ளே சேர்த்த பிறகு மாத்திரைகளைச் செவிலியர் சிறு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவருவார். அட்டையே நம் கண்ணில் படாது. அந்த நிலையில் யாரிடம் சொல்லி வைத்தீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.