3 நோட் செஃப் டெஸ்ட் லேப்: டிஸ்க் வாங்கும் முன் ஒரு கேள்வி

மேசைக்கணினி:

வணக்கம். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் 3 கைவசம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 6 கோர் ஐ5, 32 ஜிபி ரேம், 4 சாட்டா போர்ட், ஒரு என்விஎம்இ ஸ்லாட், காலியாக ஒரு எக்ஸ்16 ஸ்லாட், போர்டிலேயே 1 கிகாபிட் நெட்வொர்க். மூன்றையும் ஒரே கிளஸ்டரின் நோட்டுகளாக்கி, பிராக்ஸ்மாக்ஸ் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஓஎஸ்) போட்டு, அதிலேயே செஃப் (பல கணினிகளின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக்கும் மென்பொருள்) அமைத்து விஎம் டிஸ்க்குகளை வைக்க எண்ணம். டிஸ்க் செத்தால், நோட் செத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பழகுவதுதான் முக்கிய நோக்கம்.

இப்போதைய திட்டம்: நோட்டுக்கு 1 டிபி சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 2, மொத்தம் 6 டிபி. 3 பிரதி வைத்தால் 2 டிபிதான் தேறும் என்பதால் இரேஷர் கோடிங் 2+1 (டேட்டா 2 துண்டு, மீட்க 1 கூடுதல் துண்டு) வைத்து 4 டிபி எடுக்கலாமா என்று பார்க்கிறேன். ஓஎஸ் பென் டிரைவில். நெட்வொர்க், இருக்கிற 1 கிகாபிட் ஸ்விட்ச்தான். இதில் எங்கே இடிக்கும்?

மூன்றுபிரதி:

வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. கொள்ளளவுக் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அந்த 2 டிபியே உங்களுக்குக் கிடைக்காது.

3 நோட், 3 பிரதி, நோட்டுக்கு ஒரு பிரதி. அப்படியானால் ஒவ்வொரு நோட்டும் முழு டேட்டாவையும் சுமக்கிறது. ஒரு நோட்டில் ஒரு டிஸ்க் போனால் அதன் பங்கு அடுத்த நோட்டுக்குப் போக முடியாது, அங்கே ஏற்கெனவே ஒரு பிரதி உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் அதே பெட்டியில் மிஞ்சிய டிஸ்க்கின் தலையில்தான் விழும். உங்கள் அமைப்பில் மிஞ்சுவது ஒரே ஒரு 1 டிபி டிஸ்க். செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கும், 90இல் பேக்ஃபில்லை (டேட்டாவை வேறு டிஸ்க்கில் நிரப்புவதை) நிறுத்தும், 95இல் எழுதுவதையே நிறுத்தும். ஆகவே பயமில்லாமல் நிரப்பக்கூடியது 850 ஜிபி. 6 டிபிக்குக் காசு கொடுத்து 850 ஜிபி!

அதையே நோட்டுக்கு 480 ஜிபி டிஸ்க் 4 என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நோட்டில் 1.92 டிபி, ஒன்று போனால் 1.44 டிபி, அதில் 85 சதவீதம் 1.22 டிபி. மொத்த அளவு சற்றுக் குறைவு, பயன்படுத்தக்கூடியதோ அதிகம். சின்ன கிளஸ்டரில் பெரிய டிஸ்க் இரண்டைவிடச் சின்ன டிஸ்க் நாலு மேல். டிஸ்க் சாவைப் பழகுவதற்கும் அதுதான் வசதி.

விலையாகக் கொடுப்பது ரேம். ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் சேவை) ஒன்றுக்கு மெமரி டார்கெட் இயல்பாக 4 ஜிபி. நாலுக்கு 16 போய்விடும். மானிட்டர் (திரை அல்ல, கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கும் செஃப் சேவை), மேனேஜர், ஓஎஸ் எல்லாம் சேர்த்து 6 ஜிபி வையுங்கள். விஎம்முக்கு 10 ஜிபி மிஞ்சும். போதாது என்றால் டார்கெட்டை 2 ஜிபிக்கு இறக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். அது டார்கெட்தானே தவிர கட்டாய வரம்பு இல்லை. ரெக்கவரி ஓடும்போது தாண்டும்.

இரேஷர் கோடிங் 2+1ஐ விட்டுவிடுங்கள். ஒரு நோட் போனால் மிச்சம் 2 துண்டு. மின்-சைஸ் (எழுத அனுமதிக்கக் குறைந்தது எத்தனை துண்டு அல்லது பிரதி வேண்டும் என்ற எண்) 3 என்றால் அந்த நொடியே எழுதுவது நிற்கும். 2 என்றால் எழுதும், ஆனால் கூடுதல் துண்டே இல்லாமல் எழுதும். அப்போது இன்னொரு டிஸ்க் படுத்தால் அதிலிருந்த பிஜிக்கள் (செஃப் டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) போனதுதான். பிரதி 2 வைப்பதிலும் இதே இக்கட்டு. போதாததற்கு, விஎம் டிஸ்க்கில் விழும் 4 கேபி எழுத்து (ரைட்) ஒவ்வொன்றும் துண்டுகள் சேர்ந்த ஸ்ட்ரைப்பைப் படித்துத் திருத்தி எழுதும் வேலையாக மாறும். பழகிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் தனிப் பூல் (செஃப்பில் தனி அமைப்புள்ள சேமிப்புப் பகுதி) ஒன்றில் வையுங்கள்; ஆர்பிடி இமேஜின் (செஃப்பில் இருக்கும் விஎம் டிஸ்க்கின்) மெட்டாடேட்டா அப்போதும் பிரதிப் பூலில்தான் இருக்கவேண்டும்.

சைஸ் (பிரதி எண்ணிக்கை) 3, மின்-சைஸ் 2. பிஜி எண்ணிக்கை: 12 ஓஎஸ்டி × 100 ÷ 3 = 400, பக்கத்து இரண்டின் அடுக்கு 512. இது எல்லாப் பூலுக்கும் சேர்த்து. ஆட்டோஸ்கேலர் (பிஜி எண்ணிக்கையைத் தானே சரிசெய்யும் வசதி) இயங்கினால் அதைக் கணக்கே போட வேண்டாம்.

வடக்குப்பாலம்:

மேலே சொன்னதோடு உடன்பாடு. ஆனால் டிஸ்க்கின் எண்ணிக்கையைவிட அதன் வகை முக்கியம்.

செஃப் ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்க்கில் நிஜமாகப் பதிந்த பிறகே ‘ஆயிற்று’ என்று சொல்லும். மின்வெட்டைத் தாங்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் எஸ்எஸ்டி, தன் கேஷில் வாங்கியதுமே பதில் சொல்லிவிடும். சாதாரண எஸ்எஸ்டிக்கு அந்தத் துணிச்சல் கிடையாது; ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை போய் வரவேண்டும். பெட்டியில் 90,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை படிப்பு/எழுத்து) என்று போட்டிருக்கும் டிஸ்க், கியூ ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே எழுத்து), 4 கேபி, ஒவ்வொரு எழுத்துக்கும் சிங்க் என்று எஃப்ஐஓ என்ற வேகச் சோதனைக் கருவியில் ஓட்டினால் சில நூறுகளில் நிற்பதுண்டு. கியூஎல்சி (செல்லுக்கு 4 பிட் வைக்கும் வகை) என்றால் எஸ்எல்சி கேஷ் (அதிலுள்ள வேகமான தற்காலிகப் பகுதி) தீர்ந்த பின் ரெக்கவரியே தவழும். பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கும் 480 ஜிபி சாட்டா டிஸ்க்குகளைத் தேடுங்கள். ஸ்மார்ட் அறிக்கையில் மிச்ச ஆயுளைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

நெட்வொர்க். 1 கிகாபிட்டில் நிஜமாகக் கிடைப்பது நொடிக்கு 110 எம்பி சொச்சம். விஎம் 1 எம்பி எழுதினால் பிரைமரி ஓஎஸ்டி அதை வாங்கி, இன்னும் இரண்டு நோட்டுக்கு 1 எம்பி வீதம் அனுப்பவேண்டும். ஒரு நோட்டை மாற்றி 1 டிபி திரும்ப நிரப்ப, வேறு எதுவும் ஓடாவிட்டாலும் இரண்டரை மணி நேரம்.

3 நோட்டுக்கு 10 கிகாபிட் ஸ்விட்ச் தேவையில்லை. இரண்டு போர்ட் உள்ள எஸ்எஃப்பி பிளஸ் (10 கிகாபிட்) கார்டு 3, அவற்றை நேரடியாக இணைக்கும் டிஏசி செப்புக் கேபிள் 3. ஒவ்வொரு நோட்டையும் மற்ற இரண்டோடு நேரடியாக இணைத்தால் முக்கோணம். ரூட்டிங்கை எஃப்ஆர்ஆர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு கேபிள் அறுந்தால் மூன்றாவது நோட் வழியாகச் சுற்றிப் போகும். பழைய சர்வர் கார்டுகள் காற்று வீசும் ரேக்குக்காகச் செய்யப்பட்டவை, டெஸ்க்டாப் கேஸில் கொதிக்கும். ஹீட்சிங்க் மேல் ஒரு சின்ன ஃபேன் கட்டிவிடுங்கள்.

எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தால் எல்லா முனையிலும் வையுங்கள். ஒரு முனை 1500இல் தங்கிவிட்டால் சின்ன பிங் அழகாகப் போகும், மானிட்டர்கள் பேசிக்கொள்ளும், பிஜிக்கள் மட்டும் பியரிங்கில் (ஓஎஸ்டிகள் தங்கள் நிலையை ஒத்துப்பார்க்கும் கட்டத்தில்) தொங்கும். உடைக்காதே என்ற கொடியோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா ஜோடிக்கும், இரண்டு திசையிலும்.

அந்த 1 கிகாபிட்டைக் கழற்றாதீர்கள். கோரோசிங்குக்கு (பிராக்ஸ்மாக்ஸ் நோட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சேவைக்கு) அதைத் தனியாக ஒதுக்குங்கள். கோரோசிங்குக்கு வேகம் வேண்டாம், தாமதமில்லாமல் போகவேண்டும். செஃப் ரெக்கவரி அதே கம்பியை அடைத்தால் கோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) உடையும், எச்ஏ (நோட் செத்தால் விஎம்மை வேறு நோட்டில் தானே எழுப்பும் வசதி) போட்டிருந்தால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் நல்ல நோட்டையே ரீபூட் செய்யும். பிறகு செஃப்பைத் திட்டிப் பயனில்லை.

நள்ளிரவுஷிஃப்ட்:

பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். மானிட்டரின் டேட்டாபேஸ் ஓஎஸ் டிஸ்க்கில்தான் இருக்கும், அது ஓயாமல் எழுதும். வேகமும் போதாது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். என்விஎம்இ ஸ்லாட்டில் 256 ஜிபி ஒன்றைப் போட்டு ஓஎஸ்ஸை அங்கே வையுங்கள். மானிட்டர் இருக்கும் பார்ட்டிஷனில் காலி இடம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். லாக் கோப்புகள் நிரம்பி இதைக் கிளப்புவது சகஜம்.

கடிகாரம்: மானிட்டர்களுக்குள் 0.05 வினாடி வித்தியாசத்துக்கு மேல் போனால் புகார். மூன்றிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓடட்டும். பழைய போர்டுகளில் சிமாஸ் பேட்டரியை (கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி) முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

பயன்படுத்திய டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷனோ எல்விஎம்மோ இசட்எஃப்எஸ் லேபிளோ இருந்தால் ஓஎஸ்டி உருவாகாது, பட்டியலில் டிஸ்க் ‘கிடைக்கவில்லை’ என்றே நிற்கும். ஸாப் செய்யுங்கள் (பழைய தடயங்களை முழுதாக அழியுங்கள்). இன்னொன்று, பிராக்ஸ்மாக்ஸின் சொந்தக் கருவியில் தொடங்கினால் அதிலேயே முடியுங்கள். பாதியில் செஃப்பை நிறுவும் இன்னொரு கருவியான செஃப்-அட்மினைக் கொண்டுவந்து கலக்காதீர்கள்.

கரன்ட்டையும் பாருங்கள். மூன்று பெட்டியும் ஒரே ஸ்பைக் கார்டில் இருந்தால் 3 பிரதியும் ஒரே நொடியில் அணையும். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் ரீபூட் ஆகிவிடும்.

மேசைக்கணினி:

மூவருக்கும் மிக்க நன்றி. 480 ஜிபி × 12, என்விஎம்இ 3, முக்கோண 10 கிகாபிட், பிரதி 3 என்று மாற்றிவிட்டேன். சோதனைகளை எந்த வரிசையில் செய்வது? நான்காவது மானிட்டர் ஒன்றை வேறு மெஷினில் போட்டால் பலம் கூடுமா?

மூன்றுபிரதி:

கூடாது. 3 மானிட்டரில் 2 வேண்டும், 4இல் 3 வேண்டும். இரண்டிலும் ஒன்றை இழப்பதைத்தான் தாங்கும். கூட்டினால் 5ஆகக் கூட்டுங்கள்.

வரிசை இப்படி. காலியாக இருக்கும்போதே செஃப்பின் வேகச் சோதனையான ராடோஸ் பெஞ்ச்சை 60 விநாடி ஓட்டி எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். அடுத்து ஒரு ஓஎஸ்டி சேவையை நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் ‘டவுன்’ ஆகும், ஆனால் 600 வினாடி கழித்துத்தான் ‘அவுட்’ ஆகி டேட்டா நகரத் தொடங்கும். பலர் அந்த 10 நிமிடத்தில் பொறுமை இழந்து வேறு எதையாவது கிண்டிவிடுகிறார்கள். பராமரிப்புக்காக நிறுத்துவதானால் முதலில் ‘அவுட்’ ஆகாமல் தடுக்கும் நோஅவுட் கொடி. முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டின் பவரைப் பிடுங்குங்கள். டேட்டா எங்கும் நகராது, நகர இடமில்லை. டிகிரேடட் என்றே நிற்கும். அது பிழை அல்ல. இரண்டாவதையும் பிடுங்கினால் கோரம் போகும், ஸ்டேட்டஸ் கட்டளையே பதில் சொல்லாமல் தொங்கும். அப்போது மிஞ்சிய நோட்டில் மானிட்டரின் அட்மின் சாக்கெட் (அந்த நோட்டுக்குள்ளேயே சேவையோடு பேசும் வழி) வழியாகத்தான் நிலையைப் பார்க்க முடியும். அதை அந்த நேரத்தில் தேடாமல் முன்பே ஒரு முறை ஓட்டிப் பழகுங்கள்.

கடைசியாக, வேண்டுமென்றே நிரப்புங்கள். ஒரு ஓஎஸ்டி 95 சதவீதத்தைத் தொட்டாலும் அதில் பங்குள்ள பூல் மொத்தமும் எழுத்தை நிறுத்தும், மற்ற 11 டிஸ்க்கில் இடம் இருந்தாலும். அழித்து மீளலாம் என்று பார்த்தால் விஎம்முக்குள் அழிப்பதும் ஒரு எழுத்துதான், தொங்கும். ஃபுல் விகிதத்தை 0.97க்கு ஏற்றி, வேண்டாத இமேஜ்களை நீக்கி, இடம் வந்ததும் 0.95க்குத் திருப்புங்கள். விஎம்மில் டிஸ்கார்டை (அழித்த இடத்தைச் சேமிப்புக்குத் தெரிவிக்கும் வசதியை) இயக்கியிருக்கிறீர்களா என்று அதற்கு முன் பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு அழித்தாலும் செஃப்புக்கு அது தெரியவே தெரியாது.