மாமியார் வீட்டில் முதல் பொங்கல்: பானை, அளவு, படையல் பற்றிச் சில சந்தேகங்கள்

காவிரிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணத்துக்குப் பிறகு வர்ற முதல் பொங்கல். அம்மா வீடு கும்பகோணம் பக்கம், மாமியார் வீடு திருச்செந்தூர் பக்கத்துல ஒரு கிராமம். போகியிலிருந்து காணும் பொங்கல் வரைக்கும் நாலு நாளும் அங்கதான். "இந்த வருஷம் பானை நீதான் வைக்கணும்"னு அத்தை சொல்லிட்டாங்க.

எங்க வீட்டுல நல்ல நேரம் பார்த்து, முற்றத்துல, வெண்கலப் பானையில ஒரே பொங்கல். அங்க விடியறதுக்கு முன்னாடியே தெருவாசல்ல ரெண்டு மண்பானை, எரிக்கிறது பனை ஓலை. சாப்பிடறவங்க ஒரு 15 பேர். சர்க்கரைப் பொங்கலுக்கு என்ன அளவு, மண்பானை விரிசல் விடாம எப்படிப் பழக்கறது, பால் பொங்காமப் போச்சுன்னா என்ன செய்யறது? அந்தப் பக்கத்து வழக்கம் தெரிஞ்சவங்க, போறதுக்கு முன்னாடி நான் என்னென்ன கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னும் சொல்லுங்க.

தாமிரபரணி

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துல பொதுவா இருக்கிறதைச் சொல்றேன். தெருவுக்குத் தெரு மாறும், அதனால எல்லாத்தையும் அத்தைகிட்ட ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க.

அடுப்பு செங்கல் இல்ல, பொங்கக்கட்டி. மார்கழியிலேயே களிமண்ணுல பிடிச்சு வெயில்ல காயவச்சு, சுண்ணாம்பு பூசிக் காவிப்பட்டை போட்டு வச்சிருப்பாங்க. ஒரு பானைக்கு 3 கட்டி. ரெண்டு பானைக்கு நடுக்கட்டியைப் பொதுவா வச்சு 5-ல முடிக்கிற வீடும் உண்டு, 6 வைக்கிற வீடும் உண்டு. எந்தப் பானையை முதல்ல ஏத்தணும், எந்தப் பக்கம் எதுங்கிறதுல பெரியவங்க கறாரா இருப்பாங்க. முதல் நாள் ராத்திரியே கேட்டுடுங்க. விடியக்காலம் 5 மணிக்கு இருட்டுல நின்னு கேட்டா எல்லாருக்கும் பதட்டம்தான்.

பனை ஓலை குப்புனு பிடிச்சு சட்டுனு அணையும், தணல் நிக்காது. அதனால ஓலை தள்ளுறதுக்குன்னே ஒருத்தர் உக்காரணும். அடுப்பையும் பார்த்துக்கிட்டு பானையையும் கிண்ட ஒரே ஆளால முடியாது. உங்க வீட்டுக்காரரையோ கொழுந்தனையோ இப்பவே சொல்லி வைங்க. ஓலையை முழுசா உள்ள விட்டா சுவாலை பானைக் கழுத்து வரைக்கும் ஏறும், கட்டியிருக்கிற மஞ்சக்குலை கருகிடும். முழ நீளத்துக்கு நறுக்கி, நாலஞ்சு கீத்தா சேர்த்து மடிச்சுத் தள்ளணும்.

ரெண்டு பொங்கல்ல ஒண்ணு சர்க்கரைப் பொங்கல். இன்னொண்ணு வெறும் பச்சரிசிப் பொங்கல், நீங்க நினைக்கிற மிளகு சீரகம் போட்ட வெண்பொங்கல் இல்ல. அன்னைக்கு மதியம் சாம்பாரும் அவியலும் இந்தச் சோத்துக்குத்தான். மிச்சச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சு, மறுநாள் காலையில சுண்டக்கறியோட (மிஞ்சின குழம்பு, கறியைச் சேர்த்துச் சுண்ட வச்சது) சாப்பிடுவாங்க. அதனால வெள்ளைப் பொங்கல் கூடுதலாவே வைப்பாங்க, "ஏன் இவ்வளவு"ன்னு குறைச்சிடாதீங்க.

படையல்ல கரும்பு, மஞ்சக்குலை, தேங்காய், வாழைப்பழத்தோட பனங்கிழங்கும் காய்கறியும் பச்சையாவே இருக்கும். சேனை, சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் கிடைக்கிற காலம் அது. சிறுகிழங்கைத் தோல் உரிக்கிறது தனி வேலை. தண்ணியில ஊறவச்சு, சாக்குத்துணியில போட்டு உருட்டித் தேச்சா தோல் முக்கால்வாசி போயிடும், மிச்சத்தைக் கத்தியால சுரண்டலாம். இதை முதல் நாள் மதியமே முடிச்சுடுங்க.

பானை பொங்குறப்ப குலவை போடுவாங்க. தெரியலேன்னா சும்மா நில்லுங்க, மதினிமார் யாராவது போடுவாங்க.

விறகடுப்பு

சமையல் பக்கத்தை நான் சொல்றேன்.

புதுப் பானை: வாங்கினதும் விரலால சுண்டிப் பாருங்க. கணீர்னு கேக்கணும், பொத்துனு கேட்டா மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கும். ஒரு நாள் முழுக்க தண்ணிக்குள்ள மூழ்க வைங்க. எடுத்து நிழல்ல அரை நாள் காயட்டும். அப்புறம் அரிசி களைஞ்ச தண்ணியை முக்கால் பானை ஊத்தி, சின்னத் தீயில அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, தானா ஆறவிடுங்க. கஞ்சி மண்ணோட நுண்துளைகளை அடைக்கும், கசிவு நிக்கும். ஊறின பானையை ஈரத்தோட நேரா பெருந்தீயில வைக்கிறதுதான் உடையறதுக்கு முதல் காரணம். மண்ணுக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும், பானை பிளந்துடும். இதையெல்லாம் போகிக்கு முன்னாடியே முடிச்சு வைங்க.

15 பேருக்கு அளவு, 5 லிட்டர் பானைக்கு: பச்சரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் 750 முதல் 800 கிராம், பால் அரை லிட்டர், நெய் 150 மில்லி, முந்திரி 50 கிராம், திராட்சை 50 கிராம், ஏலக்காய் 8. பச்சைக் கற்பூரம் போடறதா இருந்தா கடுகளவு போதும். அது சமையலுக்குன்னு விக்கிறதாத்தான் இருக்கணும். பூஜைக்குக் கொளுத்துற கற்பூரம் உடம்புக்குக் கெடுதல், ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கவே வைக்காதீங்க.

பொங்கி வழியறதுக்கு ஒரே ரகசியம், பானை கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கணும். அரைப்பானை தண்ணி ஊத்தினா எவ்வளவு எரிச்சாலும் உள்ளேயே கொதிச்சு அடங்கிடும். அரிசி களைஞ்ச ரெண்டாம் தண்ணி மூணரை லிட்டர், பால் அரை லிட்டர். பால்ல இருக்கிற புரதமும் கழுநீர்ல இருக்கிற கஞ்சியும்தான் நுரையை உடையாமத் தாங்கிப் பிடிக்கும். இதுல வழக்கமா நடக்கிற தப்பு ஒண்ணு: மணக்கட்டும்னு ஆரம்பத்துலயே யாராவது ஒரு கரண்டி நெய் விட்டுடுவாங்க. கொழுப்பு பட்டா நுரை உடைஞ்சு படுத்துடும், அப்புறம் பொங்கவே பொங்காது. நெய் கடைசியில மட்டும்.

ஆரம்பத்துல பத்து நிமிஷம் சின்னத் தீ. பானை சூடேறினதும் தீயைக் கூட்டுங்க. ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் வந்து, நடுவுல ஆடை மாதிரி கூடி மேல தூக்கும். அந்த நேரத்துல தீயைக் குறைக்கக் கூடாது. பொங்கி வழிஞ்சதும் ஒண்ணே கால் லிட்டர் தண்ணியை முகந்து மூடி வைங்க, கொட்டாதீங்க. லேசா வறுத்த பருப்பையும் அரிசியையும் மூணு கைப்பிடியா போடுவாங்க, மீதியைச் சேர்த்துடலாம். வேக வேகத் தண்ணி இழுக்கும், அப்போ முகந்து வச்ச சூட்டுத் தண்ணியைத்தான் திரும்ப ஊத்தணும். பச்சைத் தண்ணி ஊத்தினா சூட்டுல இருக்கிற மண்பானை அந்த இடத்துலயே கீறல் விடும்.

இனிமே ஓலைத் தீ வேண்டாம். ஏற்கனவே பிடிச்சு வச்ச விறகை ரெண்டு மூணு உள்ள தள்ளி, தணல்ல வேகவிடுங்க. பாசிப்பருப்பு அடியில தங்கித்தான் முதல்ல தீயும், மரக்கரண்டியை அடி தட்டுற மாதிரி விட்டுக் கிண்டணும்.

வெல்லம் எப்போ? ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்குங்க. நடுவுல வெள்ளையா ஊசிமுனை அளவு கட்டி தெரிஞ்சாலும் இன்னும் நேரம் ஆகலை. முழுசா மாவா நசுங்கணும். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது, சர்க்கரைச்சத்து தண்ணியைத் தன்கிட்ட இழுத்து வச்சுக்கும். பொங்கல் விறைச்சுப் போறதுக்குக் காரணம் பத்துக்கு ஒன்பது தடவை இதுதான். வெல்லத்தைத் தட்டி, 200 மில்லி தண்ணியில கரைச்சு, கண்டிப்பா வடிகட்டி ஊத்துங்க, மண் இருக்கும். ஊத்தினதும் இளகும், பயப்பட வேண்டாம், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல இறுகிடும். ஆறினா இன்னும் இறுகும், அதனால கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே இறக்குங்க.

அடி பிடிச்ச வாசனை வந்தா கிண்டாதீங்க. மேலாக இருக்கிறதை வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு, நெய்யும் ஏலக்காயும் அதுல சேருங்க. சுரண்டினா மொத்தமும் கருகல் மணம்தான்.

காவிரிக்கரை

ரொம்ப நன்றி, நெய் விஷயம் எனக்குச் சுத்தமாத் தெரியாது. இன்னும் ரெண்டு கேள்வி. அம்மா வீட்டுல மாட்டுப் பொங்கல் காலையில கணுப்பிடி வைப்போம். அங்க அந்த வழக்கமே இல்ல, வைக்கலாமா? ரெண்டாவது, மாத தேதி அந்த நாலு நாள்ல வர்ற மாதிரி இருக்கு.

மஞ்சள்கொத்து

கணுப்பிடி கூடப்பிறந்தவங்க நல்லா இருக்கணும்னு பெண்கள் வைக்கிறது. புகுந்த வீட்டுல இருந்தும் தாராளமா வைக்கலாம், விட்டுடாதீங்க. ஆனா நேரத்தைப் பாருங்க. விடிஞ்சதும் குளிக்கிறதுக்கு முன்னாடி வைக்கிறதுதானே, அந்த வீட்டு மாட்டுப் பொங்கல் வேலை தொடங்கறதுக்குள்ள மொட்டைமாடியில முடிச்சிடலாம். மஞ்சள் இலை ரெண்டு, முதல் நாள் சோறு கொஞ்சம் வேணும். அது பானையிலிருந்து எடுக்கிறது, அதனால "ரெண்டு கைப்பிடி தனியா எடுத்து வச்சுக்கட்டுமா அத்தை"ன்னு முன்னாடியே கேட்டுடுங்க. மஞ்சள் சோறு, குங்குமம் கலந்த சோறு, தயிர்ச்சோறுன்னு உங்க அம்மா வீட்டுல 5 வரிசையா 7 வரிசையா எப்படியோ அப்படியே வைங்க. பசுமஞ்சளைப் பெரியவங்க கையால நெத்தியில கீறிக்கிறதுக்கு அத்தைகிட்டயே கொடுங்க. உங்க வழக்கத்துல அவங்களுக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

தேதி விஷயத்தை உங்க வீட்டுக்காரர் அவங்க அம்மாகிட்ட முன்கூட்டியே பேசணும், நீங்க இல்ல. சில வீட்டுல பொருட்டே இல்ல, சில வீட்டுல பானையை மட்டும் மதினி வைப்பாங்க. தள்ளிப்போடற மாத்திரையை மருந்துக்கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க. இரத்தம் உறையற பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து, மருத்துவரைப் பார்த்துட்டுத்தான் போடணும்.

இன்னொண்ணு: பங்காளி வீட்டுல அந்த வருஷம் துக்கம் நடந்திருந்தா பொங்கல் வைக்க மாட்டாங்க, இல்லேன்னா படையலைச் சுருக்குவாங்க. துணிமணி, சீர்னு வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. பொங்கப்படி (பொங்கல் சீர்) உங்க அம்மா வீட்டுலேருந்து எப்போ வரணும், பானை அதுல சேர்த்தியா இல்லையாங்கிறதையும் சேர்த்தே கேட்டுடுங்க. ரெண்டு பக்கமும் பானை வாங்கி நிக்கிறது அடிக்கடி நடக்கும்.

பட்டிக்காரர்

கொங்குப் பக்கம் இதுக்கு நேர்மாறு. போகி அன்னைக்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வச்சுக் காப்புக் கட்டறதும், மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மாட்டுப்பட்டியில வைக்கிற பட்டிப் பொங்கலும்தான் பெருசு. மருமகளா வர்றவங்க எந்த நாள் அந்த வீட்டுக்கு முக்கியமோ அதுக்கு முன்னாடி போய்ச் சேரணும்.

ரயில்னா முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும் (2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாள் இருந்துச்சு). ஜனவரி 13 கிளம்பணும்னா நவம்பர் 14 காலை 8 மணி. அஞ்சு நிமிஷம் தாமதிச்சாலும் காத்திருப்போர் பட்டியல்தான். தை 1 சில வருஷம் ஜனவரி 15-ல விழும், காலண்டரைப் பார்த்துட்டுப் போடுங்க.

ஏட்டுக்காரி

கேட்காத ஒண்ணைச் சொல்றேன். இந்த முதல் பொங்கல்லயே அந்த வீட்டு முறையை எழுதி வச்சிடுங்க. பானை உங்க கைக்கு வருதுன்னா அடுத்து அது உங்க பொறுப்பு, அத்தைக்கு அந்த முறை கைப்பழக்கமா இருக்கே தவிர எங்கயும் எழுத்துல இல்ல.

அளவுலதான் பெரிய சிக்கல். "ஒரு படி"ன்னு சொன்னா எந்தப் படி? 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. இந்தக் கணக்கு சரி, ஆனா வீட்டுல இருக்கிற பாத்திரம் அதே கொள்ளளவுன்னு சொல்ல முடியாது. அத்தை எடுக்கிற படியையோ டம்ளரையோ தண்ணி நிரப்பி, மில்லி கோடு போட்ட குவளையில ஊத்திப் பாருங்க. அப்புறம் அவங்க தலை தட்டி அளக்கறாங்களா, கோபுரமா விட்டு அளக்கறாங்களான்னு கவனிங்க. இந்த ஒரு வித்தியாசத்துல வெல்லமும் தண்ணியும் மொத்தமா மாறிப்போகும். வெல்லத்தை "நாலு உருண்டை"ன்னு சொல்வாங்க, அந்த நாலையும் தராசுல வச்சு எழுதிக்கோங்க. அன்னைக்குக் காலையில இதெல்லாம் செய்ய முடியாது. முதல் நாள் சாயங்காலம் சாமான் எடுத்து வைக்கும்போது செய்யுங்க.

எழுத வேண்டியது: எத்தனை இலை போடறாங்க, எந்த இலை யாருக்கு (சாமிக்கு, முன்னோருக்கு, வீட்டுல இறந்துபோனவங்க பேரு), இலை நுனி எந்தப் பக்கம், குலதெய்வத்துக்குக் காசு முடிஞ்சு வைக்கிறது உண்டா, பொங்கலை முதல்ல எந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பறாங்க. "ஏன்"னு மட்டும் கேட்டா "எங்க மாமியார் அப்படித்தான் செய்வாங்க"ன்னு பதில் முடிஞ்சுடும். "உங்க மாமியார் எந்த ஊரு, அங்கேருந்து என்ன கொண்டு வந்தாங்க, நீங்க எதை மாத்தினீங்க"ன்னு கேளுங்க. இதுலதான் விஷயம் வரும். ஒவ்வொரு தலைமுறை மருமகளும் தன் அம்மா வீட்டுலேருந்து ஒண்ணு ரெண்டைச் சேர்த்திருப்பாங்க, அதுவும் இப்போ அந்த வீட்டு வழக்கம்தான்.

வாசல் கோலத்தைப் படம் மட்டும் எடுத்தா போதாது, திரும்பப் போட வராது. 15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி, இல்ல 9 புள்ளி நேர்ப்புள்ளி அப்படின்னு புள்ளிக் கணக்கை எழுதுங்க, இழை எங்க தொடங்குதுன்னு ஒரு அம்புக்குறி போடுங்க. முடிஞ்சா புள்ளி வைக்கும்போதே பக்கத்துல உக்காந்து வரைஞ்சுக்கோங்க, காவி போட்டுட்டா புள்ளி தெரியாது.