பின்னணியில் ஓடும் ஸ்கிரீன் சாளரத்தை, உள்ளே நுழையாமல் கட்டளை வரியிலிருந்து அச்சிடுவது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வர் ஒன்றில் "பேக்கப்" என்ற பெயரில் க்னூ ஸ்கிரீன் (இணைப்பு விட்டாலும் முனைய வேலையைத் தொடர்ந்து ஓட்டும் நிரல்) அமர்வு ஒன்றை, -டிஎம் கொடுத்துப் பின்னணியிலேயே தொடங்குகிறேன். அதில் இரவு முழுவதும் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) ஓடுகிறது. காலையில் அந்தச் சாளரத்தில் உள்ளதைக் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) ஸ்கிரிப்ட் மூலம் எடுத்துப் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் தணிக்கைக் கோப்பில் அதைத் தாளாகவே வைக்கச் சொல்கிறார்கள். "ஸ்கிரீன் -எஸ் பேக்கப் -எக்ஸ் ஹார்ட்காப்பி திரை.டெக்ஸ்ட்" என்று (ஹார்ட்காப்பி என்பது சாளரத்தில் தெரிவதைக் கோப்பில் எழுதும் கட்டளை) கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை; கோப்பும் உருவாவதில்லை. கோப்புப் பெயருக்குப் பதிலாக /டெவ்/எஸ்டிடிஅவுட் கொடுத்தும் என் முனையத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

பதில் 1:

வணக்கம். நீங்கள் தட்டும் கட்டளை கோப்பை எழுதுவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். -எக்ஸ் செய்வதெல்லாம், பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன் செயல்முறைக்கு ஒரு செய்தி அனுப்புவது மட்டுமே. கோப்பை எழுதுவது அந்தச் செயல்முறை. அதற்கு உங்கள் முனையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாததால் /டெவ்/எஸ்டிடிஅவுட் பயன்படாது. வெறும் பெயர் கொடுத்தால் நீங்கள் நிற்கும் அடைவையும் அது பார்க்காது. ஆகவே முழுப் பாதையைக் கொடுங்கள்.

இன்னொன்று: பின்னணியில் தொடங்கி ஒருமுறைகூட இணைக்கப்படாத அமர்வில் நடப்புச் சாளரம் எதுவும் தேர்வாகியிருக்காது. எனவே சாளர எண்ணையும் சொல்லியாக வேண்டும்:

ஸ்கிரீன் -எஸ் பேக்கப் -பி 0 -எக்ஸ் ஹார்ட்காப்பி /டிஎம்பி/திரை.டெக்ஸ்ட்

எஸ், எக்ஸ் இரண்டும் பெரிய எழுத்து. பி சிறிய எழுத்து. ஸ்கிரிப்டில் இதற்கு அடுத்த வரியாக "ஸ்லீப் 1" சேர்த்துவிடுங்கள். எழுதுவது வேறொரு செயல்முறை என்பதால், கோப்பு முழுமையாகும் முன்பே அடுத்த கட்டளை அதைத் திறந்துவிடக்கூடும்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா, கோப்பு வந்துவிட்டது. ஆனால் கடைசி 24 வரிகள் மட்டுமே இருக்கின்றன. அச்சில் வலப்பக்க ஓரமும் சரியாக விழவில்லை.

பதில் 2:

ஹார்ட்காப்பி என்ற சொல்லுக்குப் பின் சிறிய எழுத்தில் -ஹெச் சேர்த்தால், மேலே உருண்டுபோன வரிகளும் கிடைக்கும். ஆனால் ஸ்கிரீன் இயல்பாக நினைவில் வைப்பது 100 வரிகள்தான். போனவை போனவைதான், திரும்ப எடுக்க முடியாது. இன்றிரவு ஓட்டத்துக்கு முன் .ஸ்கிரீன்ஆர்சி என்ற ஸ்கிரீனின் அமைப்புக் கோப்பில் "டெஃப்ஸ்க்ரால்பேக் 5000" என்று எழுதிவிட்டு அமர்வைப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த இடம் நிரம்பாத நாளில் கோப்பின் தலையில் வெற்று வரிகள் வரிசையாக நிற்கும். "கேட் -எஸ்" (இங்கே சிறிய எழுத்து) வழியாக அனுப்பினால் அவை ஒன்றாகச் சுருங்கும்.

அச்சு ஓரத்துக்குக் காரணம் அகலம். அமர்வின் திரை 80 எழுத்து அகலமுள்ளது. கப்ஸ் (லினக்ஸின் அச்சு அமைப்பு) ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து வீதம் அச்சிடுவதால் வரிக்கு 8 அங்குலம் தேவைப்படும், ஓரம் விட்டபின் ஏ4 தாளில் அவ்வளவு இடம் இருக்காது. அச்சிடும் கட்டளையை "எல்பி -ஓ சிபிஐ=12" (அங்குலத்துக்கு 12 எழுத்து) என்று கொடுங்கள்; ஏறத்தாழ 6.7 அங்குலத்தில் வரி அடங்கிவிடும்.

பதில் 3:

மேலே சொன்னவை சரியானவை. ஆயினும் தணிக்கைக்குத் திரைப்பிரதியை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 80 எழுத்தைத் தாண்டும் கோப்புப் பாதைகள் பிரதியில் இரண்டு வரிகளாக உடைந்துதான் வரும், பிறகு அவற்றைத் தேடவும் முடியாது. ஸ்கிரீனின் சொந்தப் பதிவையும் (பெரிய எழுத்து -எல்) பயன்படுத்தலாம், ஆனால் நிறக் குறிகளும் முன்னேற்ற வரிகளும் அப்படியே அதில் சேர்ந்துகொள்ளும். ஆர்சிங்க் கட்டளையிலேயே "--லாக்-ஃபைல்=" கொடுத்து அந்தக் கோப்பை அச்சிடுங்கள்; ஒவ்வொரு வரியிலும் தேதியும் நேரமும் இருக்கும்.

திரைதான் வேண்டும் என்ற இடங்களில் ஸ்கிரீனைப் போன்ற டிமக்ஸ் என்ற நிரலுக்கு மாறுவது எளிது. "டிமக்ஸ் கேப்சர்-பேன் -பி -எஸ் -" என்பது (எஸ் பெரிய எழுத்து) வரலாறு முழுவதையும் உங்கள் முனையத்துக்கே தருவதால், குழாய்க்குறி (|) போட்டு நேராக எல்பிக்கு அனுப்பிவிடலாம்.