ஹேண்டிகேப் 38: பழைய பிளேடு செட்டிலிருந்து எந்த அயனுக்கு மாறலாம்?

செட்டிபாளையம் காலை 6 மணி எழுதியது:

வணக்கம். போன ஜூனில்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தேன். வயது 41, உயரம் 5 அடி 6 அங்குலம், வலது கை ஆட்டம். கோயம்புத்தூர் செட்டிபாளையம் கோர்ஸில் வாரம் இரண்டு நாள், அலுவலகம் போவதற்கு முன் ஒன்பது ஹோல். ஹேண்டிகேப் (எண் குறையக் குறைய ஆட்டம் மேல்) இப்போது 38.

என்னிடம் இருப்பது மாமனாரின் பழைய செட். 3-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை எல்லாமே மெல்லிய பிளேடு அயன், அதாவது முதுகு குடையாத ஒரே துண்டு இரும்புத் தலை. இரும்பு ஷாஃப்ட் (தண்டு), அதில் 'ஸ்டிஃப்', அதாவது விறைப்பானது, என்று ஸ்டிக்கர். பத்தில் இரண்டு பந்து நடுவில் படுகிறது. அப்போது 7 அயன் 110 யார்டு போகும், கையில் எதுவும் பட்ட மாதிரியே தெரியாது. மீதி எட்டும் 60, 70 யார்டில் வலப்பக்கம் சரிந்து விழும். டிசம்பர் காலையில் ஓரத்தில் பட்டுவிட்டால் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஏறும், அடுத்த இரண்டு ஹோலுக்கு கிளப்பை இறுக்கிப் பிடிக்கவே பயம்.

கூட ஆடுபவர்கள் 'ஃபர்கிவிங் அயன்' வாங்கச் சொல்கிறார்கள். ஒரு கடைக்குப் போனேன். நான் ஸ்விங் செய்வதைப் பார்க்காமலேயே, பெண் என்பதால் ஒரு லேடீஸ் செட்டை எடுத்து நீட்டிவிட்டார்கள். பந்து அடித்துப் பார்க்கிறேன் என்றேன், அதற்கு வசதி இல்லை என்றார்கள். மனசு ஒப்பாமல் திரும்பிவிட்டேன்.

என்னிடம் 45,000 ரூபாய் இருக்கிறது. மூன்று கேள்வி. தப்பாக அடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் அயன் என்றால் உள்ளே என்ன வித்தியாசம்? லேடீஸ் ஷாஃப்டா, ஆண்களுடையதா? நாலைந்து வருஷம் பழைய மாடல் வாங்கினால் நஷ்டமா?

---

கிண்டி பழைய கேடி எழுதியது:

வணக்கம் மேடம். 90களில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் இருந்த கோல்ஃப் கோர்ஸில் பை தூக்கினேன். இப்போது சென்னையில் கிரிப் மாற்றுவது, ஷாஃப்ட் போடுவது, லை (கிளப் தரையில் நிற்கும்போது ஷாஃப்ட் சாயும் கோணம்) சரிசெய்வதுதான் தொழில். உங்கள் மாதிரி அப்பா செட், மாமா செட்டோடு வருகிறவர்களை மாதம் இரண்டு பேராவது பார்க்கிறேன். பாதிப் பேர் 'எனக்கு இந்த ஆட்டம் வராது' என்றே முடிவு கட்டிவிட்டு வருகிறார்கள். அந்த செட்டோடு ஆரம்பித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் அந்த முடிவுக்கு வராததே எனக்குச் சந்தோஷம்.

உள்ளே என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். காவடித் தண்டில் இரண்டு முனையிலும் குடம் கட்டித் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை யாராவது இடித்தால் தண்டு மெதுவாகத்தான் திரும்பும். அதே இரண்டு குடத்தையும் நடுவில் தோளோடு சேர்த்துக் கட்டினால், லேசாக இடித்தாலே சுழன்றுவிடும். உங்கள் பிளேடில் இரும்பெல்லாம் நடுவில் குவிந்திருக்கிறது. ஓரத்தில் பந்து பட்டதும் தலை திரும்புகிறது. முகம் வலப்பக்கம் பார்க்கிறது, வேகம் செத்துவிடுகிறது, அந்த அதிர்வுதான் உங்கள் முழங்கைக்கு வருகிறது. கேவிட்டி பேக் அயனில் முதுகைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் தள்ளியிருப்பார்கள்.

இதைப் பிடிவாதமாகச் செய்து காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எஞ்சினியர். தன் சொந்த பட்டிங் சரியில்லை என்று 1959-ல் வீட்டு கராஜில் ஓரங்களில் எடை வைத்த பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) செய்தார், அதிலிருந்து பிறந்ததுதான் பிங் கம்பெனி. அதே யோசனையில் 1982-ல் வந்த ஐ-2 அயனை நான் எத்தனையோ பைகளில் தூக்கியிருக்கிறேன். நாற்பது வருஷம் ஆன அந்த அயனே உங்கள் பிளேடைவிட உங்களுக்கு ஒத்துழைக்கும். அதனால் நாலைந்து வருஷப் பழைய மாடலுக்குத் தயங்கவே வேண்டாம். முகத்தின் கோடுகள் தேயாமல் இருக்கிறதா, ஷாஃப்டில் கீறல் இல்லையா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட் ஆணா பெண்ணா பார்க்காது மேடம், வேகத்தைத்தான் பார்க்கும். உங்கள் கையில் இருக்கும் மாதிரி ஸ்டிஃப் இரும்பு ஷாஃப்ட் ஒன்று 120, 130 கிராம் வரும். லேசான கிராஃபைட் 60, 70 கிராம். லேடீஸ் செட் பொதுவாக ஒரு அங்குலம் குட்டையாகவும் இருக்கும், உங்கள் உயரத்துக்கு அது குனிய வைக்கும். நன்றாகப் பட்டால் 7 அயன் 110 யார்டு என்கிறீர்கள். ஆண்கள் நீளத்தில், கிராஃபைட்டில், சீனியர் ஃப்ளெக்ஸ் (அதிகம் வளைவது), ரெகுலர் (நடுத்தரம்) இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கேரம் பவுடர் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள். 7 அயன் முகத்தை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு மேலே பவுடரைத் தூவுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் வட்டமாக ஒரு தடம் விழும். இருபது பந்து அடித்து, எது முனைப் பக்கம், எது காம்புப் பக்கம் (தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம்), எது அடியில் என்று எழுதி வையுங்கள். அதை இங்கே போடுங்கள், மீதியைப் பேசலாம்.

---

நொய்யல் கரை எழுதியது:

நானும் அதே கோர்ஸ்தான், ஹேண்டிகேப் 24. கேடி அண்ணன் சொன்னதோடு நம்ம ஊர் மண்ணைப் பற்றி ஒன்று. எல்லோரும் அகலமான சோல் (தலையின் அடிப்பாகம்) வாங்கச் சொல்வார்கள். பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும் கிளப் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும், அது உண்மை. மழைக்காலத்தில் ஃபேர்வே ஈரமாக இருக்கும்போதும், ஊட்டி மாதிரி மெத்தென்ற புல்லிலும் அருமையாக வேலை செய்கிறது. ஏப்ரலில் நம்ம தரை காய்ந்து கட்டாந்தரையாகிவிடும் இல்லையா, அப்போது ரொம்ப அகலமான சோல் தரையில் பட்டுத் துள்ளி, கீழ் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து உயராமல் தரையோடு சீறிக்கொண்டு ஓடும். இருப்பதிலேயே தடிமனான, உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஹைப்ரிட் (அயனுக்கும் வுட்டுக்கும் நடுவான கிளப்) மாதிரி அயன்களை நான் ஒரு கோடைக்காலம் வைத்திருந்து விற்றுவிட்டேன். நடுத்தர அகலம் போதும்.

3, 4, 5 அயன் வாங்கவே வாங்காதீர்கள். 6-லிருந்து வெட்ஜ் வரை அயன், அதற்கு மேல் ஒரு ஹைப்ரிட். பையில் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி, நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை.

---

இடது கை எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. விலை பாதிக்குப் பாதி குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் 'புத்தம் புதிய' செட் வாங்கினேன். மூன்றாவது வாரம் 8 அயன் தலை கழன்று பந்தைவிட அதிக தூரம் பறந்தது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை. சர்வீஸ் செய்பவரிடம் காட்டினேன், தலைக்குத் தலை எடை மாறியிருந்தது, போலி. பழையது வாங்கினாலும் கிளப் மெம்பர் யாரிடமாவது நேரில் பார்த்து, சீரியல் நம்பர் இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள் அக்கா.

---

செட்டிபாளையம் காலை 6 மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

பவுடர் கணக்கு முதலில். இருபது பந்தில் நடுவில் 3, காம்புப் பக்கம் 2, முனைப் பக்கம் 15. முனைப் பக்கத்தில் விழுந்த பதினைந்தும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்குள், கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது கோட்டின் மேல். இத்தனை நாள் கண்டபடி அடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்று அந்த வெள்ளைத் தடங்களைப் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி.

அடுத்து, கிளப்பில் மூன்று பேரிடம் 7 அயன் கடன் வாங்கி, ஒவ்வொன்றிலும் இருபது பந்து அடித்தேன். தடிமனான சோல் உள்ளதில் பந்து நன்றாக எழும்பியது, ஆனால் நொய்யல் கரை சொன்னது போலக் காய்ந்த இடத்தில் நாலு தடவை துள்ளியது. இரும்பு ஷாஃப்ட் போட்ட கேவிட்டி பேக்கில் பத்துப் பந்துக்குமேல் கை தளர்ந்தது. மூன்றாவது பிங் ஜி425, கிராஃபைட், சீனியர் ஃப்ளெக்ஸ். நடுவில் பட்டது 118, முனையில் பட்டது 100, 105. இந்த 100-தான் எனக்குப் பெரிசு. எங்கள் நான்காவது ஹோலில் இரண்டாவது ஷாட் ஒரு பங்கரைத் தாண்ட 95 யார்டு வேண்டும். எட்டு மாசமாக அந்த மணலுக்குள் நின்றிருக்கிறேன்.

மெம்பர் ஒருவர் அதே மாடலை 6-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை 38,000-க்குத் தருகிறார். ஷாஃப்டும் அதே சீனியர் ஃப்ளெக்ஸ். தலையில் கறுப்புப் புள்ளி இருக்கிறது. வாங்கலாமா?

---

கிண்டி பழைய கேடி எழுதியது:

வாங்குங்கள் மேடம். கறுப்புப் புள்ளி என்றால் பிங் கணக்கில் ஸ்டாண்டர்ட் லை. உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனாலும் ஒரு முறை பாருங்கள். சோலில் டேப் ஒட்டி, ஒரு பலகை மேல் நின்று அடித்தால் டேப்பில் தேய்மானம் தெரியும். நடுவில் தேய்ந்தால் சரி. முனைப் பக்கம் தேய்ந்தால் பந்து வலப்பக்கம் போகப் பார்க்கும், காம்புப் பக்கம் என்றால் இடப்பக்கம். வித்தியாசம் தெரிந்தால் அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இது வார்ப்புத் தலை, அடித்துச் செய்த தலை மாதிரி வளையாது, நானே இரண்டு டிகிரிக்கு மேல் தொடமாட்டேன்.

இன்னொன்று, கிளப்பில் எழுதியிருக்கும் நம்பரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாமனாரின் 7 அயனில் முகத்தின் சாய்வு 35 டிகிரி பக்கம் இருக்கும், இது 30. கூடுதலாகப் போன தூரத்தில் பெரும் பகுதி இந்த ஐந்து டிகிரியில் வந்ததுதான். பிட்சிங் வெட்ஜும் அதே மாதிரி 45-க்குப் பக்கத்தில் நிற்கும். பையில் 56 சாண்ட் வெட்ஜ் மட்டும் இருந்தால் நடுவில் பெரிய பள்ளம், 80 யார்டுக்கு கிளப்பே இருக்காது. மீதி 7,000-ல் 50 டிகிரி வெட்ஜ் ஒன்று பழையதாகத் தேடுங்கள். மிச்சம் இருந்தால் கிரிப் மாற்றிவிடுங்கள், கெட்டிப்பட்ட ரப்பரோடு யாரும் தளர்வாகப் பிடிக்க முடியாது.

அந்தப் பதினைந்து முனைத் தடத்தையும் உங்கள் ப்ரோவிடம் (பயிற்சியாளரிடம்) காட்டுங்கள். கனமான ஷாஃப்டால் கையை உள்ளே இழுத்திருக்கலாம், பந்திலிருந்து தள்ளி நிற்பதாகவும் இருக்கலாம். புது செட்டில் இன்னொரு இருபது பந்து பவுடர் போட்டு அடித்துவிட்டு எழுதுங்கள். முனைப் பக்கம் பத்துக்குக் கீழே வந்தால் ஷாஃப்ட் காரணமாக இருந்திருக்கலாம். வராவிட்டால் பந்துக்குக் கொஞ்சம் நெருங்கி நின்று பாருங்கள்.