மேடையில் ஆம்புக்குப் பதில் டேப்லெட்: துணிச்சலா, அசட்டுத் துணிச்சலா?

ஆறுகம்பி:
மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று ஓயாத அலைச்சல். ஆம்பையும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒலியை மாற்றும் பெடல் பலகையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற இனி முதுகு ஒத்துழைக்காது. வீட்டில் ஐபேடில், ஆம்ப், பெடல் ஒலிகளைப் போலச் செய்யும் செயலிகளான ஆம்ப்ளிட்யூப், பயஸ் எஃப்எக்ஸ் இரண்டிலும் வாசித்துப் பழகியிருக்கிறேன். ஒலி திருப்தியாகவே இருக்கிறது. ஐபேட், கிட்டாரை அதோடு இணைக்கும் ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், அங்கிருந்து நேராக மிக்சர் என்று மேடைக்கும் போகலாமா? மேடையில் வாசித்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

வால்வு மாமா:
போகாதீர்கள் தம்பி. 2010-ல் ஐபேட் வந்த கையோடு அதில் கிட்டாரைச் செருகும் சின்னப் பெட்டிகளும் வந்துவிட்டன. ஹெட்போன் துளை ஒன்றுதான். கிட்டார் அதன் வழியே உள்ளே போக வேண்டும், ஒலியும் அதன் வழியே வெளியே வர வேண்டும். கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் ஏற்றினால் வெளியே போகிற ஒலி உள்ளே கசிந்து ஊளையிடும். அன்றைக்கே கும்பிடு போட்டுவிட்டேன்.

அதை விடுங்கள். ஆம்புக்கு நேரே நின்று ஒரு ஸ்வரத்தை இழுத்தால், ஸ்பீக்கர் தள்ளும் காற்றே கம்பியை மறுபடி அதிரவைத்து அந்த ஸ்வரத்தை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். காதில் செருகிய மானிட்டர் இதைச் செய்யுமா?

பஃபர்64:
செய்யாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரவேற்பு மேடையில் யார் உங்களை அவ்வளவு சத்தமாக வாசிக்க விடுகிறார்கள்?

ஊளை விஷயம் பழங்கதை, மாமா. 2018-ல் ஐபேட் புரோ யுஎஸ்பி-சிக்கு மாறியபோதே அந்த ஹெட்போன் துளையும் அதிலிருந்து போய்விட்டது. இன்று கிட்டார் ஒலி இன்டர்ஃபேஸிலேயே எண்களாக மாறித்தான் உள்ளே போகிறது. பார்த்து வாங்க வேண்டியது ஒன்றுதான்: கிட்டாருக்கென்றே 1 மெகா ஓம் அளவில் மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) உள்ள உள்ளீடு இருக்க வேண்டும். சாதாரண லைன் துளையில் செருகினால், கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மேல்ஸ்தாயி மழுங்கிவிடும். பழியை ஐபேடின் தலையில் போடுவார்கள்.

அடுத்து எல்லோரும், கம்பியைத் தட்டியபின் ஒலி கேட்கும்வரை ஆகிற தாமதத்தைச் சொல்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகள்) 128 என்றால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி விநாடி. போக ஒன்று, வர ஒன்று, இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்வது கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்தாலும் நல்ல கருவியில் 10 மில்லி விநாடியை ஒட்டியே நிற்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறீர்களே, அங்கேயே கிட்டத்தட்ட 9 மில்லி விநாடி தாமதம். அதைப் பற்றி ஒருவரும் புலம்பிக் கேட்டதில்லை.

ஆண்ட்ராய்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலிக்கென்று வேகமான வழி ஒன்று உண்டு என்றாலும், கருவிக்குக் கருவி நடத்தை மாறுகிறது. கிட்டாரைச் செருகிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மிக்சர் பக்கத்து ஆள்:
நான் வாசிப்பவன் அல்ல, வாசிப்பதை ஊருக்குக் கேட்கவைப்பவன். டேப்லெட்டோடு வருகிறவர்களிடம் எனக்கு வேறு வழக்கு இருக்கிறது.

வீட்டில் ஹெட்போனில் மெதுவாகக் கேட்டு டோன் அமைக்கிறார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குக் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் மங்கலாகத்தான் கேட்கும். ஆகவே இரண்டையும் ஏற்றிவைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டால் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும் இடத்தில் இவரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பாடகர் குரல் அடியில் போய்விடுகிறது. டோனுக்கு டோன் சத்த அளவும் வேறு. கிளீன் என்கிற தெளிந்த டோன் முணுமுணுக்கும், டிஸ்டார்ஷன் என்கிற கரகரத்த டோன் அலறும். பல்லவிக்கு நான் ஏற்றிய ஒலி அளவு ஃபேடரை இடையிசை தொடங்கும் முன் பாய்ந்து இறக்க வேண்டியிருக்கிறது. டோன்களை ஒருமுறையாவது ஒத்திகையில், கச்சேரிச் சத்தத்தில் வைத்துச் சமன் செய்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, நேராக மிக்சருக்கு வருவதானால் செயலியில், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் பகுதி ஓடியே ஆக வேண்டும். அதை அணைத்துவிட்டு வந்தால் தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல் இருக்கும். ஆம்புக்குள் செருகுவதானால் நேர்மாறு: அதை அணைத்துவிடுவதே நல்லது.

சார்ஜரைச் செருகியதும் வருகிற உறுமலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பெட்டியை இடையில் வைத்து, அதில் ஒலிக் கேபிளின் கிரவுண்டை (தரை இணைப்பை) துண்டிக்க வேண்டும்.

வால்வு மாமா:
நல்லது, இத்தனை பாடமும் படித்துக்கொண்டு மேடை ஏறட்டும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஐபேடை 35 டிகிரி வரையுள்ள சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்று செய்த நிறுவனமே சொல்கிறது. மாலை நான்கு மணிக்குத் தகரப் பந்தலின் கீழ் ஒலிச் சோதனை. மேலே விளக்குச் சூடு வேறு. 'ஆறிய பிறகு பயன்படுத்துங்கள்' என்று திரையில் எழுத்து வந்தால், ஆறும்வரை பாடகரை ஆலாபனை செய்யச் சொல்வீர்களா?

அதோடு, இது கிட்டாருக்காகப் பிறந்த பொருள் அல்ல. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32-பிட் செயலிகள் அதில் ஓடாமலே போயின. 1980-களின் பெடலை இன்றைக்குச் செருகினாலும் ஒலிக்கிறது.

பஃபர்64:
கச்சேரிக்கென்று ஒதுக்கிய ஐபேடில் தானியங்கி அப்டேட்டை யார் திறந்து வைப்பார்கள்? விமானப் பயன்முறை, திரை தானாக அணையாத அமைப்பு, ஒரே செயலியில் பூட்டிவைக்கும் வசதி. மூன்றையும் செய்தால் போதும், வாசிக்கும்போது கல்யாண வீட்டார் எண்ணிலிருந்து அழைப்பு வந்து நிற்காது.

வெயிலுக்குப் பதில் இல்லை என்பது உண்மை. உறையைக் கழற்றி, காற்றுப் படும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரகாசத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம். நேர்வெயிலில் நான் எடுக்கவே மாட்டேன்.

ஆனால் வெற்றிடக் குழாயில் ஓடும் உங்கள் வால்வு ஆம்ப் ஜெனரேட்டர் மின்சாரத்தை எப்படித் தாங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். ட்வின் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப் ஏறக்குறைய 29 கிலோ. அதை மாடிப்படியில் யார் தூக்குவது? ஐபேட் பேட்டரியில் ஓடுகிறது. மின்சாரம் போனாலும் அணையாது. மிக்சர் அணைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆறுகம்பி:
இரண்டு பேரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பல்லவிக்கு கிளீன், இடையிசைக்கு டிஸ்டார்ஷன், சரணத்துக்குக் கோரஸ் எஃபெக்ட் என்று ஒரே பாட்டில் மாற வேண்டியிருக்கிறது. வியர்த்த விரலுக்குத் திரை பிடிகொடுக்காது. புளூடூத் கால் பெடல் போதுமா?

பஃபர்64:
வயரில் வரும் பெடலையே வாங்குங்கள். ஆயிரம் கைப்பேசிகள் இருக்கும் கூடத்தில் புளூடூத்தை நம்பி இடையிசைக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாம் கிட்டார்:
இங்கேதான் இடிக்கிறது. ஐபேடில் இருப்பது ஒரே யுஎஸ்பி துளை. இன்டர்ஃபேஸ், கால் பெடல், சார்ஜ் மூன்றுக்கும், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வேண்டும். ஆக ஐபேட், ஹப், இன்டர்ஃபேஸ், பெடல், இவற்றுக்கு நடுவே நான்கைந்து கேபிள். அந்த விரல்நக அளவு இணைப்பை யாராவது கால் தடுக்கி இழுத்தால், இன்டர்ஃபேஸ் கழன்று மிக்சருக்குப் போகும் ஒலி நின்றுவிடும். ஆம்ப், பெடல் ஒலிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற தரைக் கருவி 2018 முதல் கிடைக்கிறது. கைப்பையில் அடங்கும், கால் பொத்தானும் அதிலேயே இருக்கிறது, உலோக உடம்பு. இத்தனை வயரைக் கட்டியழுவதைவிட அது மேல் அல்லவா?

பஃபர்64:
மேல்தான், காசு இருந்தால். தம்பி கையில் ஐபேட் ஏற்கெனவே இருக்கிறது. ஹப்பை ஸ்டாண்டின் பின்னால் நாடாவால் கட்டிவிட்டால் இழுபடுவது ஹப்பில் செருகிய கேபிள். ஐபேட் இணைப்பு அல்ல.

வால்வு மாமா:
கட்டுங்கள். கூடவே, ஐபேட் நின்றுபோனால் கைகொடுக்க ஒரு ஓவர்டிரைவ் பெடலையும் நீளமான கேபிளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாழ்க டேப்லெட்.

ஆறுகம்பி:
அடுத்து வருவது குளிர்சாதன மண்டபத்தில் ஒரு வரவேற்பு. வயர் பெடலும் ஹப்பும் வாங்கி அங்கே முயன்று பார்க்கிறேன். சித்திரைத் திருவிழாக்களுக்கு மாமாவின் கட்சிதான்; ஆம்ப் வரும், தூக்க இன்னொரு ஆளும் வருவார்.

மிக்சர் பக்கத்து ஆள்:
டிஐ பெட்டியை நீங்களே கொண்டுவாருங்கள். இருக்கிற இரண்டும் கீபோர்டுக்குப் போய்விடும்.