ஃபயர்ஸ்கேல், ஃபயர்ஸ்டெயின்: ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.
நகைத்தொழில் சொற்பட்டியலில் இந்த இரண்டுக்கும் 'தீக்கறை' என்றே போட்டுவிடலாமா? வெள்ளியைச் சுட்டால் வரும் நிறக்கேடுதானே இரண்டும்? 'களிம்பு' என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

———

> 'தீக்கறை' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. பெயர் ஒன்றானால் வைத்தியமும் ஒன்றென்று ஆகிவிடும். இங்கே வைத்தியம் வேறு வேறு.

925 வெள்ளியில் ஆயிரத்துக்கு 75 பங்கு பெரும்பாலும் செம்பு. காற்றுபடச் சுட்டால் மேலே உள்ள செம்பு கறுத்து, குப்ரிக் ஆக்சைடாகப் படியும். இது ஃபயர்ஸ்கேல். வெதுவெதுப்பான சோடியம் பைசல்பேட் அமிலக் கரைசலில் சில நிமிடம் கிடந்தால் கரைந்துவிடும். (இரும்பு இடுக்கியை உள்ளே விடக்கூடாது, கரைசலில் உள்ள செம்பு உருப்படிமேல் ஏறிச் சிவந்துபோகும்.)

சூடு நீடித்தால் ஆக்சிஜன் வெள்ளிக்குள்ளேயே ஊடுருவி, அங்குள்ள செம்பைச் சிவந்த குப்ரஸ் ஆக்சைடாக்கும். இதுதான் ஃபயர்ஸ்டெயின். அமிலம் அவ்வளவு ஆழம் போகாது. எடுக்கும்போது உருப்படி வெள்ளைவெளேரென்று இருக்கும். மெருகு போடத் தொடங்கியதும் அந்த வெண்தோல் தேய்ந்து, சாம்பலும் ஊதாவும் கலந்த திட்டு நிழல்போல் எட்டிப்பார்க்கும். வெள்ளைத் தாளை அருகே பிடித்து, அது உருப்படியில் தெரியும்படி சாய்த்துப் பார்த்தால் திட்டின் ஓரம் பிடிபடும். வெறும் 'கறை' என்று படித்தவர் அதை மறுபடி மணிக்கணக்கில் அமிலத்தில் ஊறப்போடுவார், பயனே இராது. உப்புத்தாளால் திட்டு தீரும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். அல்லது சுடுவதும் அமிலத்தில் போடுவதுமாகச் சில சுற்று செய்து, மேலே தூய வெள்ளித் தோலை வரவழைத்து மூடலாம். பிறகு அழுத்தி மெருகு போட்டால் தோல் போய்விடும்.

ஆகவே ஃபயர்ஸ்கேல் 'தீப்பொருக்கு', ஃபயர்ஸ்டெயின் 'உட்கறை'. காய்ந்த சேறு பொருக்குத் தட்டுவதை எல்லாரும் அறிவோம். பெயர்ந்து வரக்கூடியது என்ற குறிப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. களிம்பு ஈரத்தில் செம்பு பச்சை பூப்பது, சூட்டில் வருவதல்ல. இன்று மருந்துக்கடைக் களிம்புதான் முதலில் நினைவுக்கும் வரும்.

———

'பொருக்கு' அருமை. 'உட்கறை'யில் தீ இல்லையே என்று யோசித்தேன். 'தீயுட்கறை' வாயில் நுழையவில்லை. 'உட்கறை ஏறிவிட்டது' என்று சொல்ல இயல்பாக வருகிறது. அப்படியே இருக்கட்டும்.

சுடுமுன் பூசுவதற்கு 'தீக்காப்பு' என்று இன்னொரு சொல்லையும் சேர்க்கலாம். போரிக் அமிலத்தை மெத்தில் கலந்த ஸ்பிரிட்டில், அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் அளவுக்குப் போட்டுக் கலக்க வேண்டும். எண்ணெய்ப்பசை நீக்கிய உருப்படியை முக்கியெடுத்து, ஜாடியை மூடித் தள்ளி வைத்த பிறகே உருப்படிக்குத் தீ வைக்க வேண்டும். பச்சைச் சுடராக எரிந்து, மெல்லிய வெண்பூச்சு நிற்கும். வெண்பூச்சு விடுபட்ட இடம் இருந்தால் மறுபடி முக்க வேண்டும், அங்கேதான் உட்கறை ஏறும். சூட்டில் பூச்சு உருகிக் கண்ணாடிபோல் மூடி, காற்றைத் தடுக்கும். பொடிவைத்து ஒட்டும் மூட்டில் மட்டும் வெண்காரத்தைத் தடவினால் மற்ற இடம் திறந்தே கிடக்கும். காற்றுக் குறைந்த மென்சுடரில், ஊதுகுழலின் பெரிய முனையால் சீக்கிரம் சூடேற்றி முடிப்பதும் காப்புதான்.

பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: தீப்பொருக்கு – அமிலத்தில் கரையும் மேற்படிவு. உட்கறை – அமிலத்தில் போகாத உள்நிறக்கேடு. தீக்காப்பு – இரண்டும் வராமல் சுடுமுன் இடும் பூச்சு. 'தீச்செதில்' எங்காவது இருந்தால் 'தீப்பொருக்கு காண்க' என்று குறித்துவிடலாம்.