160 கோடி சூரிய நிறையை அளந்தது யார்?

கணக்கப்பிள்ளை:
காஸ்-87259 என்னும் விண்மீன் திரளின் (கேலக்ஸியின்) நடுவிலுள்ள கருந்துளைக்கு 160 கோடி சூரிய நிறை (சூரியனைப்போல் 160 கோடி மடங்கு நிறை) இருப்பதாக "அளந்தாகிவிட்டது" என்று விண்ணோடி அவர்கள் நேற்று முழங்கியிருக்கிறார். அளந்தது யார்? ரயன் எண்ட்ஸ்லி குழுவினர் 2023-இல் வெளியிட்டது, தூசிக்குள்ளிருந்து கசியும் ஒளிர்வை எடிங்டன் வரம்போடு (ஒரு நிறைக்கு இவ்வளவுதான் ஒளிர முடியும் என்னும் உச்ச அளவோடு) பொருத்திப் பெற்ற மதிப்பீட்டை மட்டுமே.

விண்ணோடி:
ஆல்மா தொலைநோக்கி கார்பனின் நிறமாலைக் கோட்டைக் கண்டு, சிவப்புப் பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவு) 6.853 என உறுதிசெய்துவிட்டது. பெருவெடிப்புக்குப் பின் 80 கோடி ஆண்டுகளுக்குள், வெறும் 1.5 சதுர பாகை வானத்தில் இப்படியொரு பூதம் கிடைத்திருக்க, தாங்கள் ஒற்றைச் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கணக்கப்பிள்ளை:
சிவப்புப் பெயர்ச்சி தூரத்தைச் சொல்லும், நிறையைச் சொல்லாது. தூசி மறைக்காத குவேசாரில் (வாயுவை விழுங்கிப் பேரொளி வீசும் கருந்துளை கொண்ட மண்டலத்தில்), கருந்துளையைச் சுற்றி விரையும் வாயுவின் அகன்ற நிறமாலைக் கோடுகளிலிருந்து வேகத்தை அறிந்து நிறையை மதிப்பிடலாம். இங்கே அந்தக் கோடுகளே கண்ணுக்குப் படவில்லை. எடிங்டன் வரம்பை மீறி அந்தக் கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தால், அதே ஒளிர்வுக்குக் குறைந்த நிறையே போதும். மறுபடியும் கேட்கிறேன்: அளந்தது யார்?

தென்பொதிகை:
ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய நிறை அளவுக்கு அங்கே விண்மீன்கள் பிறக்கின்றன என்கிறார்கள். கருந்துளைக்குச் சான்றாகக் காட்டும் ரேடியோ ஒளிர்வும் அவற்றிலிருந்தே வரக்கூடாதா? முதலில் கருந்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணோடி:
தென்பொதிகை ஐயா, வழக்கம்போலப் படிக்காமலே வந்துவிட்டீர்கள். விண்மீன் பிறப்பால் வரும் ரேடியோ அலைக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் ஒரு விகிதம் உண்டு. இங்கே ரேடியோ அதை வெகுவாக மிஞ்சி நிற்கிறது. வி.எல்.ஏ., மீர்காட், லோஃபார் என்னும் ரேடியோ தொலைநோக்கிகள் மூன்றிலும் அது பதிவாகியிருக்கிறது. மூன்றும் சேர்ந்து பொய் சொல்கின்றனவா?

தென்பொதிகை:
ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தொலைதூர வானில் கண்ட சிறு சிவப்புப் புள்ளிகளைப் பற்றிப் பேசியபோதும் இதே தோரணையில்தான் என்னை மட்டம் தட்டினீர்கள். அவை என்னவென்று ஆய்வாளர்களே இன்னும் வாதிடுகிறார்கள்; உங்களிடமிருந்து ஒரு வருத்தச் சொல்கூட வரவில்லை.

கணக்கப்பிள்ளை:
உங்கள் பழைய பஞ்சாயத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருந்துளை இல்லையென்று நான் சொல்லவேயில்லை. எக்ஸ் கதிரிலும் தெரியாத அளவுக்கு அது மறைந்திருக்க, எடிங்டன் வரம்பைக் கடன் வாங்கிப் போட்ட எண்ணை அளவீடு என்கிறாரே, அதைத்தான் கேட்கிறேன்.

விண்ணோடி:
மதிப்பீடும் ஒருவகை அளவீடுதான். வாபஸ் வாங்க மாட்டேன்.

கணக்கப்பிள்ளை:
வாங்க வேண்டாம். அகன்ற கோட்டைக் காட்டுங்கள், போதும்.